சீக்கிரமே ரிடயர் ஆனவங்ககிட்ட "என்ன வேலை பண்றீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றது: புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விட்டு ரெண்டு மூணு மாசம் போனா காலைல அலாரம் இல்லாம எழுந்திரிக்கறது பழகிடும், மாசக் கடைசில சம்பளம் வராததும் பழகிடும், ஆனா புதுசா பாக்கற ஒருத்தர் "நீங்க என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா வர்ற தடுமாற்றம் மட்டும் அவ்ளோ சீக்கிரம் போகாது. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசுல கைல இருக்கற சேமிப்பு போதும்னு கணக்கு போட்டு வேலையை நிறுத்தினவங்க பணத்தை பத்தி வருஷக்கணக்குல எக்ஸெல் ஷீட்டு போட்டு யோசிச்சிருப்பாங்க, இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சிருக்க மாட்டாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். வேலை போயி இன்னொரு வேலை தேடிட்டு இருக்கறவங்களுக்கு இது பொருந்தாது, அவங்க "வேலை தேடிட்டு இருக்கேன்"னு நாலு பேர் காதுல போடறதுதான் அவங்களுக்கு நல்லது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பேச்சுல சுருக்கமா சொல்லலாம், பாதி சொல்லலாம், சொல்லாமயும் விடலாம், ஆனா பொய் சொல்ல வேண்டாம். பேப்பர்ல, அதாவது பேங்க், விசா, இன்சூரன்ஸ் மாதிரி ஃபார்ம்கள்ல, பாதி சொல்றது கூட கிடையாது, உள்ளது உள்ளபடி எழுதணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கறதாலதான் நிறைய சிக்கல் வருது.

ஸ்டெப் 1: நீங்க எந்த வகைன்னு முதல்ல உங்களுக்கே தெளிவாகட்டும்

ஊருக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. சம்பளத்துக்காக இனிமே வேலை செய்யப் போறதில்லன்னு முடிவு பண்ணி நிறுத்தினவரா? பெரிய வேலையை விட்டுட்டு வாரத்துல ரெண்டு நாள் சின்னதா ஏதோ ஒண்ணு பண்றவரா, அதாவது ஃபயர் (FIRE) வட்டாரத்துல, சேமிச்சு சீக்கிரமே ரிடயர் ஆக நினைக்கறவங்க மத்தியில, பாரிஸ்டா ஃபயர்னு சொல்ற வகை? இல்ல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் பிரேக் எடுத்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கறவரா? வீட்ல ஒருத்தர் சம்பாதிக்கறாங்க, நீங்க வீட்டையும் பசங்களையும் பாத்துக்கறீங்களா? நாலும் வேற வேற. பிரேக்ல இருக்கறவர் எல்லார்கிட்டயும் "ரிடயர்"னு சொல்லிட்டா ஆறு மாசம் கழிச்சு வேலைக்கு போகும்போது தேவையில்லாம விளக்கம் குடுக்கணும். முழுசா நிறுத்தினவர் "பிரேக்ல இருக்கேன்"னு சொல்லிட்டா பாக்கற பழைய நண்பர் எல்லாம் பாவம் அக்கறையா வேலை அனுப்பிக்கிட்டே இருப்பாங்க.

இன்னொண்ணு, "வேலையில்லாதவர்"ங்கற முத்திரையை நீங்களே உங்க மேல குத்திக்காதீங்க. உலகம் முழுக்க வேலையின்மையை எப்படி எண்றாங்கன்னா, 1982ல ஜெனீவால நடந்த தொழிலாளர் புள்ளியியல் நிபுணர்கள் மாநாட்டுல வகுத்து, 2013லயும் அடிப்படை மாறாம வச்சிருக்கற கணக்கு அது: வேலை இருக்கக் கூடாது, வேலை செய்யத் தயாரா இருக்கணும், வேலை தேடிக்கிட்டும் இருக்கணும். மூணும் சேர்ந்தாதான் வேலையில்லாதவர். நீங்க தேடல, அதனால அந்தக் கணக்குல நீங்க வேலையில்லாதவர் கிடையாது, உழைப்பாளர் கணக்குக்கே வெளில இருக்கறவர், மாணவர், வீட்டைப் பாத்துக்கறவர், அறுவது வயசுல ஓய்வு பெற்றவர் எல்லாரும் இருக்கற அதே இடம். இதை யார்கிட்டயும் சொல்லி வாதாட வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சா போதும், குரல்ல ஒரு நிதானம் வந்துடும்.

ஸ்டெப் 2: வெளில சொல்றதுக்கு முன்னாடி வீட்ல பேசிடுங்க

இதைத்தான் பெரும்பாலானவங்க விட்டுடறாங்க. நீங்க ரிடயர்னு சொல்றீங்க, உங்க மனைவி அவங்க ஆஃபிஸ்ல "அவர் கன்சல்டிங் பண்றார்"னு சொல்லியிருக்காங்க, உங்க அம்மா பக்கத்து வீட்ல "வீட்ல இருந்தே வேலை பாக்கறான்"னு சொல்லியிருக்காங்க, பொண்ணு ஸ்கூல்ல "அப்பா வேலைக்கு போறதில்ல"ன்னு சொல்லியிருக்கா. நாலு பேரும் ஒரே இடத்துல நிக்கும்போது அஞ்சாவது ஆள் ஒருத்தர் கேட்டா அந்த இடத்துல யாரோ ஒருத்தர் பொய்யர் ஆகிடுவாங்க. அதனால ஒரு நாள் உக்காந்து, இதைத்தான் சொல்லப் போறோம்னு ஒரே வரியா முடிவு பண்ணுங்க.

மனைவியோ கணவரோ இன்னும் வேலைக்கு போறாங்கன்னா அவங்க பக்கமும் கேளுங்க. "நான் சம்பாதிக்கறேன், அவர் உக்காந்திருக்கார்"னு அவங்க ஆஃபிஸ்ல பேச்சு வந்தா அதை தாங்கறது அவங்கதான், நீங்க இல்ல. வேலையை விட்டது ஆம்பளைன்னா "என்னாச்சு, வேலை போயிடுச்சா?"ன்னு கேப்பாங்க, பொம்பளைன்னா அந்தக் கேள்வி கூட வராது, ஹவுஸ்வைஃப்னு அவங்களே எழுதிக்கிட்டு இருபது வருஷ சர்வீஸை ஒரு நொடில அழிச்சிடுவாங்க. அப்படி நடந்தா அந்தப் பெண் தானே வாயைத் திறந்து "இருபது வருஷம் ஆடிட்ல இருந்தேன், சேமிப்பு போதும்னு நானே ரிடயர் ஆனேன்"னு சொல்லணும், கூட நிக்கற கணவர் அவங்களுக்காக பதில் சொல்லக் கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கறேன்.

பசங்களுக்கு சின்ன வயசுன்னா கதை எதுவும் வேண்டாம். "அப்பா நிறைய வருஷம் வேலை பாத்து பணம் சேத்து வச்சிருக்கேன், இப்ப வேலைக்கு போக வேண்டியதில்ல, யாராவது கேட்டா அப்பா ரிடயர்னு சொல்லு" அவ்ளோதான். எவ்ளோ சேத்து வச்சிருக்கோம்ங்கறது மட்டும் பசங்க காதுக்கு போக வேண்டாம், அது அடுத்த நாளே கிளாஸ் முழுக்க தெரிஞ்சிடும்.

ஸ்டெப் 3: ஒரே ஒரு வரி ரெடி பண்ணி வாய்விட்டு சொல்லிப் பாருங்க

முன்னாடி என்ன பண்ணேன், இப்ப நாள் எப்படி போகுது, இந்த ரெண்டும் இருந்தா போதும். "பதினெட்டு வருஷம் சாஃப்ட்வேர்ல இருந்தேன், இப்ப வேலையை நிறுத்திட்டு வீணை கத்துக்கறேன்." "பேங்க்ல இருந்தேன், இப்ப பசங்களோட இருக்கேன், காலைல நீச்சல்." "நர்ஸா இருந்தேன், போதும்னு நிறுத்திட்டேன், வாரத்துல ரெண்டு நாள் முதியோர் இல்லத்துல உதவி பண்றேன்." கேக்கறவருக்கு பிடிச்சுக்க ஒரு கொம்பு கெடைச்சிடுச்சு, வீணையை பத்தியோ நீச்சலை பத்தியோ அடுத்து பேசுவார். வெறுமனே "ரிடயர்"னு மட்டும் சொன்னா அவருக்கு பிடிச்சுக்க எதுவும் இல்ல, உடனே உங்க வயசைத்தான் பிடிப்பார்.

"சும்மாதான் இருக்கேன்"னு சொல்றதை விட்டுடுங்க. அடக்கமா சொல்றதா நினைச்சு சொல்வோம், கேக்கறவர் அதை அப்படியே எடுத்துக்குவார். அதே மாதிரி "எனக்கு வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்ல"ங்கறதும் வேண்டாம், எதிர்ல நிக்கறவர் நாளைக்கு காலைல எட்டு மணிக்கு பஸ் பிடிக்கப் போறவரா இருக்கலாம், அவருக்கு அது குத்தும்.

வரியை சொல்லி முடிச்சதும் "நீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. உண்மையான ஆர்வத்தோட கேளுங்க. இந்தக் கேள்வியை கேக்கற பெரும்பாலானவங்க உங்களை எடை போட வரல, பேச்சை ஆரம்பிக்க ஒரு வழி தேடறாங்க, அவங்க வேலையை பத்தி நீங்க கேட்டா சந்தோஷமா சொல்வாங்க, உங்க விஷயம் அதோட முடிஞ்சிடும்.

ஸ்டெப் 4: யார் கேக்கறாங்கன்னு பாத்து நீளத்தை மாத்துங்க

ட்ரெயின்ல, ஃப்ளைட்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு முன்னாடி பண்ண வேலையை சொன்னாலே போதும், "சாஃப்ட்வேர்ல இருந்தேன்". இதுல பொய் எதுவும் இல்ல, இறங்கினதும் அவர் வழி அவருக்கு.

சொந்தக்காரங்க கிட்ட இது நடக்காது. பெரியவங்க கேக்கறதுல பாதி கவலை, பாதிதான் விசாரணை. ஒரு விசேஷ வீட்ல நடக்கற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, இப்ப எந்தக் கம்பெனில இருக்கே?"

"கம்பெனி வேலையை விட்டுட்டேன் பெரியப்பா, ஒரு வருஷம் ஆச்சு."

"ஏன்டா, எடுத்துட்டாங்களா?"

"இல்ல பெரியப்பா, நானாதான் விட்டேன். வீட்டுக் கடன் முடிஞ்சிடுச்சு, பசங்க படிப்புக்கு தனியா எடுத்து வச்சாச்சு, உடம்பும் நல்லாத்தான் இருக்கு. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக ஆள் வேணும்ல, இப்ப நான் இருக்கேன்."

"அப்ப சரி. அம்மாக்கு கால் வலி எப்படி இருக்கு?"

பாருங்க, அவர் மனசுல இருந்தது மூணே மூணு பயம், வேலையை விட்டு தூக்கிட்டாங்களா, கடன் இருக்கா, உடம்புக்கு ஏதாவதா. மூணுக்கும் ஒரே மூச்சுல பதில் வந்ததும் பேச்சு அம்மா கால் வலிக்கு போயிடுச்சு. நிதி சுதந்திரம், பாசிவ் இன்கம்னு அவர்கிட்ட ஆரம்பிச்சிருந்தா சாப்பாட்டு பந்தி முடியற வரைக்கும் ஓடியிருக்கும், அவர் கவலையும் போயிருக்காது.

பழைய ஆஃபிஸ் நண்பர்கள் கிட்ட வேற மாதிரி கவனம் வேணும். நீங்க விட்டுட்டு வந்த அதே மேனேஜர் கிட்ட, அதே டெட்லைன்ல அவங்க இன்னும் இருக்காங்க. அவங்க கேட்டா நேரா சொல்லுங்க, ரிடயர்னே சொல்லுங்க, எப்படி பண்ணேன்னு கேட்டா உக்காந்து விவரமா சொல்லுங்க, கேக்காம நீங்களா வகுப்பு எடுக்காதீங்க. "நீயும் விட்டுடலாமே"ங்கறது அவங்க வீட்டு நிலைமை தெரியாம சொல்ற வார்த்தை.

புதுசா பாக்கற டாக்டர் கேட்டா முழுசா சொல்லுங்க, எப்ப நிறுத்தினீங்க, நாள் எப்படி போகுது, தூக்கம் எப்படின்னு. அங்க மறைக்க காரணமே இல்ல.

ஸ்டெப் 5: பின்னாடி வர்ற கேள்விகள்

"இந்த வயசுலயா?" இதுதான் முதல்ல வரும். "ஆமா, கொஞ்சம் சீக்கிரம்தான்"னு சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டா போச்சு. ஓய்வுக்குன்னு நம்ம மனசுல இருக்கற வயசு இயற்கை குடுத்தது இல்ல, அரசாங்கங்கள் பென்ஷன் கணக்குக்காக போட்ட எண். ஜெர்மனில 1889ல பிஸ்மார்க் காலத்துல வந்த முதியோர் பென்ஷன் சட்டம் எழுபது வயசுன்னு வச்சுது, 1916ல அதை அறுபத்தஞ்சா குறைச்சாங்க. எண் மாறிக்கிட்டேதான் இருக்கு, அதனால நீங்க வேற எண்ல நிறுத்தினதுக்கு கூச்சப்பட வேண்டாம்.

"போர் அடிக்கலையா?" அடிச்சா அடிக்குதுன்னு சொல்லுங்க. முதல் வருஷம் சில மதியங்கள் நீளமாத்தான் இருக்கும், அதை ஒத்துக்கறதால நீங்க எடுத்த முடிவு தப்புன்னு ஆகிடாது. எப்பவும் ஆனந்தமா இருக்கேன்னு காட்டிக்கறதுதான் களைப்பு.

"எவ்ளோ சேத்தீங்க?" இதுக்கு எண் சொல்லவே சொல்லாதீங்க, நெருங்கினவங்களா இருந்தாலும். "செலவைக் குறைச்சோம், ரொம்ப வருஷமா சேத்தோம், போதுமான அளவு இருக்கு." திரும்பக் கேட்டா அதே வரியை அதே குரல்ல திரும்பச் சொல்லுங்க. எண் வெளில போனா அதுக்கப்புறம் வர்றது கடன் கேள்வி. கடன் கேட்டு வந்தா "எல்லாம் மாசச் செலவுக்குன்னு ஒதுக்கி வச்சாச்சு, அதை கலைக்க முடியாது"ங்கறது உண்மையான பதில்தான், சம்பளம் வராதவருக்கு அந்தப் பணம்தான் சம்பளம்.

"பணம் கடைசி வரைக்கும் வருமா?"ன்னு நிஜமா புரிஞ்சுக்க கேக்கறவர் ஒருத்தர் ரெண்டு பேர் வருவாங்க. அவங்களுக்கு மட்டும் கணக்கை சொல்லலாம். 1994ல வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த நாட்டு பழைய சந்தைக் கணக்கை வச்சு, முதல் வருஷம் சேமிப்புல 4 சதவீதம் எடுத்து அப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கிட்டே போனா 30 வருஷம் தாங்குதுன்னு பாத்தார், வருஷ செலவு மாதிரி 25 மடங்குன்னு எல்லாரும் சொல்றது அதுல இருந்துதான் வருது. ஆனா நாப்பத்தஞ்சு வயசுல நிறுத்தினவருக்கு 30 வருஷம் போதாது, நாடும் வேற, அதனால இன்னும் குறைச்சுத்தான் எடுக்கணும்னு அதையும் சேத்தே சொல்லுங்க. பாதிக் கணக்கை கேட்டுட்டு அவர் நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுதிடக் கூடாது.

ஸ்டெப் 6: "வீட்லதானே இருக்கீங்க"

நீங்க வேலையை விட்டது வெளில தெரிஞ்ச ரெண்டாவது மாசத்துல இது ஆரம்பிக்கும். பார்சல் வாங்கி வைங்க, ப்ளம்பர் வருவான் கொஞ்சம் பாத்துக்கோங்க, பையனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துடுங்க. உதவி பண்றது நல்ல விஷயம், நேரம் இருக்கறவங்க பண்ணணும்னுதான் நானும் நினைக்கறேன், ஆனா தினமும் மத்தவங்க டைம்டேபிள்ல ஓடறதா இருந்தா ஆஃபிஸ்லயே இருந்திருக்கலாம். காலைல ஒரு மூணு மணி நேரத்தை உங்களுக்குன்னு ஒதுக்கிடுங்க, "பதினொரு மணி வரைக்கும் எனக்கு கிளாஸ் இருக்குக்கா, அதுக்கப்புறம்னா பாத்துக்கறேன்"னு சொல்லுங்க. கிளாஸ் நிஜமா இருக்கணும்.

ஸ்டெப் 7: கன்சல்டன்ட், இன்வெஸ்டர் பத்தி

நிறைய பேர் குடுக்கற அறிவுரை, "பேசாம கன்சல்டன்ட்னு சொல்லிடு"ங்கறது. வருஷத்துக்கு ரெண்டு க்ளையன்ட்டாவது இருந்து பில் போடறீங்கன்னா தாராளமா சொல்லுங்க, அது உண்மை. இல்லாத க்ளையன்ட்டை வச்சு சொன்னா அடுத்த கேள்வியே "எந்த கம்பெனிக்கு?", அதுக்கு அடுத்தது "கார்டு இருக்கா?", அதுக்கப்புறம் "எங்க ஆஃபிஸ்ல ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, பேசலாமா?". அந்த மனுஷன் நல்ல எண்ணத்துலதான் கேக்கறார், நீங்க அவர் முன்னாடி சமாளிச்சுக்கிட்டு நிக்கணும். யார்கிட்ட எதை சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கறதே ஒரு வேலை ஆகிடும். இன்வெஸ்டர்னு சொன்னா வேற தொல்லை, எந்த ஷேர் வாங்கலாம்னு கேப்பாங்க, அது இறங்கினா உங்களைத்தான் பாப்பாங்க. "சேமிப்பை நானே பாத்துக்கறேன்" போதும்.

ஸ்டெப் 8: ஃபார்ம்கள்

இங்க விளையாட்டே கூடாது. ரிடயர்னு ஒரு கட்டம் இருந்தா, நீங்க முழுசா நிறுத்தினவர்னா, அதை டிக் பண்ணுங்க, வயசு குறைவா இருக்கேன்னு யோசிக்காதீங்க. அமெரிக்க விசாக்கான டிஎஸ்-160 ஃபார்ம்ல தொழில்ங்கற இடத்துல ரிடயர்னு ஒண்ணும் வேலையில் இல்லைன்னு ஒண்ணும் தனித்தனியா இருக்கு. கட்டத்துல கீழ ஏதாவது வயசு வரம்போ பென்ஷன் வாங்கணும்ங்கற நிபந்தனையோ போட்டிருந்தா அதைப் படிச்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி எழுதுங்க. இமிக்ரேஷன் கவுன்ட்டர்ல கேட்டாலும் ஃபார்ம்ல எழுதினதையே சொல்லுங்க, "ரிடயர், முன்னாடி இன்ஜினியர், சேமிப்புல வாழறேன்". அங்க போயி கன்சல்டன்ட்னு சொன்னா, இங்க வேலை பாக்க வந்தீங்களான்னு அடுத்த கேள்வி வர வாய்ப்பு இருக்கு.

பேங்க்ல தொழில் மட்டும் இல்லாம பணம் எங்க இருந்து வருதுன்னும் கேப்பாங்க. வட்டி, டிவிடெண்ட், வாடகை, முதலீட்டை வித்த பணம், எது உண்மையோ அது. பழைய கம்பெனி பேரை அப்படியே விட்டு வைக்காதீங்க. லோனோ கிரெடிட் கார்டோ தேவைப்படும்னு தெரிஞ்சா வேலைல இருக்கும்போதே வாங்கிடறது நல்லது, விட்டதுக்கப்புறம் இன்னும் வேலைல இருக்கற மாதிரி எழுதி வாங்கறது மோசடி, அதுல வேற பேச்சே இல்ல. வாடகை வீடு தேடும்போது சம்பள ஸ்லிப் கேட்டா, இல்லன்னு சொல்லிட்டு முதலீட்டு ஸ்டேட்மென்ட்டோ கூடுதல் அட்வான்ஸோ ஒத்துக்குவாங்களான்னு முதல் நாளே கேட்டுடுங்க.

இன்சூரன்ஸ்ல இன்னும் ஜாக்கிரதை. பாலிசி எடுக்கும்போது தொழிலையும் வருமானத்தையும் தப்பா எழுதினா க்ளெய்ம் வர்ற நேரத்துல கம்பெனி அதையே காரணமா காட்டி மறுக்கலாம், அப்ப அலையப் போறது உங்க குடும்பம். வருமானம் நின்னா ஈடு குடுக்கற பாலிசி ஏதாவது ஏற்கனவே இருந்தா, வேலையை விட்டதுக்கப்புறம் அது செல்லுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

லிங்க்ட்இன்ல கடைசி வேலைக்கு முடிஞ்ச தேதியை போடுங்க, இன்னும் அங்கயே இருக்கற மாதிரி விடாதீங்க. பிரேக்ல இருக்கறவங்களுக்கு 2022ல இருந்து கெரியர் பிரேக்னே ஒரு பகுதி அதுல இருக்கு.

ஸ்டெப் 9: திரும்ப வேலைக்கு போனா

சில பேர் போவாங்க, பிடிச்ச வேலை ஒண்ணு வரும், இல்ல செலவு கூடிடும். இன்டர்வியூல அவங்க பயப்படறது, இவர் சீக்கிரமே விட்டுட்டு போயிடுவாரோன்னுதான், அந்தப் பயத்துக்கு பதில் குடுங்க: "ரெண்டு வருஷம் வேலை பாக்கல, நானாதான் நிறுத்தினேன், இந்த வேலை எனக்கு பிடிச்சதால வந்திருக்கேன், குறைஞ்சது இத்தனை வருஷம் இருப்பேன்." ரெஸ்யூமேல அந்த இடைவெளியை மூடாதீங்க. சொந்தத்துல "என்ன, பணம் தீந்துடுச்சா?"ன்னு கேட்டா, தீந்திருந்தா "செலவு நினைச்சதை விட கூடிடுச்சு மாமா", இல்லன்னா "வேலை பிடிச்சிருந்துது மாமா", எது உண்மையோ அது. வேலைல சேந்த வாரமே பேங்க்லயும் இன்சூரன்ஸ்லயும் இருக்கற தொழில் விவரத்தை மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்து, குடுத்ததுக்கு ரசீதும் வாங்கி வச்சுக்கோங்க.